பூட்டை உடைக்காமலே கடையை மூடலாம்: டிடாஸ் தாக்குதல் எப்படி நடக்கிறது, உங்கள் வெப்சைட்டை எப்படிக் காப்பது?

மாரிக்குப்பத்திலோ சாம்பியனிலோ விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, ஊரில் பல குடும்பங்களுக்கு அந்த ரயில்தான் சோறு போடுகிறது. அதில் ஐடி வேலைக்குப் போகிறவர்களும் கணிசம். ஆபீஸ் வேலை போக, ஊரில் யாருக்காவது ஒரு வெப்சைட்டும் செய்து கொடுத்திருப்பீர்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நகைக்கடை, ஆண்டர்சன்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர், தெரிந்தவரின் கல்யாண மண்டபம் என்று ஏதாவது ஒன்று. ஒருநாள் காலையில் அந்த வெப்சைட் திறக்கவில்லை என்றால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்: "தம்பி, யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல!"

பெரும்பாலும் யாரும் ஹேக் செய்திருக்க மாட்டார்கள். பாஸ்வேர்ட் திருடு போயிருக்காது, டேட்டாபேஸ் அப்படியே இருக்கும். ஆனாலும் வாடிக்கையாளர் உள்ளே வர முடியாது. இப்படி ஒரு தளத்தை உடைக்காமலே முடக்குவதற்குத்தான் சேவை மறுப்புத் தாக்குதல் என்று பெயர். பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்தால் அது பரவலான சேவை மறுப்புத் தாக்குதல், சுருக்கமாக டிடாஸ்.

உங்கள் ரயில் போய் நிற்கிற பெங்களூருக்கும், எதிர்த் திசையில் இருக்கிற சென்னைக்கும் இந்தத் தாக்குதல்களின் உலக வரலாற்றில் இடம் உண்டு. அதற்குப் போகும் முன், இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

டிடாஸ் எப்படி நடக்கிறது?

ஒரு ரயில்வே டிக்கெட் கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு ஊழியர், வெளியே ஒரு வரிசை. இந்தக் கவுன்டரை வேலை செய்யவிடாமல் தடுக்க மூன்று வழி இருக்கிறது. டிடாஸ் தாக்குதல்களும் ஏறக்குறைய இந்த மூன்று வகைதான்.

முதல் வகை, வழியை அடைப்பது. ஸ்டேஷனுக்கு வரும் ரோட்டையே ஆட்களால் நிரப்பிவிட்டால் கவுன்டர் காலியாக இருந்தும் பயனில்லை. உங்கள் சர்வருக்கு வரும் இணைய இணைப்பு நொடிக்கு 1 ஜிகாபிட் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின் மீது வந்த தாக்குதலின் உச்சம் நொடிக்கு 1.35 டெராபிட். உங்கள் குழாயைப் போல 1,350 மடங்கு! சர்வர் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் இங்கே உதவாது. அடைபட்டது சர்வர் இல்லை, அதற்கு வருகிற பாதை.

இவ்வளவு டிராஃபிக் எங்கிருந்து வருகிறது? ஒரு தந்திரம் இருக்கிறது. நூறு கடைகளுக்கு ஒரு கார்டு எழுதி "உங்கள் முழு கேட்லாகையும் அனுப்புங்கள்" என்று கேட்டு, அனுப்புநர் முகவரியில் உங்களுக்குப் பிடிக்காத ஒருவரின் வீட்டு முகவரியைப் போட்டால் என்ன ஆகும்? நீங்கள் செலவழித்தது நூறு கார்டு. அவர் வீட்டு வாசலில் வந்து விழுவது லாரி லோடு. இணையத்திலும் இதையே செய்கிறார்கள். பாதுகாப்பில்லாமல் திறந்து கிடக்கும் சர்வர்களுக்கு, பாதிக்கப்படப்போகிறவரின் ஐபி முகவரியைப் போட்டு ஒரு சின்னக் கேள்வி அனுப்புவார்கள். பெரிய பதில் அவரைப் போய் அடிக்கும். கிட்ஹப் மீது ஏவப்பட்டது மெம்கேஷ்ட் என்ற மென்பொருள் ஓடும் சர்வர்கள். அவற்றில் ஒரு பைட் கேள்விக்கு அதிகபட்சம் 51,000 பைட் வரை பதில் வர வாய்ப்பிருந்தது.

இரண்டாம் வகை, டோக்கன் வாங்கிவிட்டு வராமல் இருப்பது. உங்கள் பிரவுசரும் சர்வரும் பேசத் தொடங்கும் முன் ஒரு சின்னக் கைகுலுக்கல் நடக்கும். "பேசலாமா?" "சரி, பேசலாம்." "இதோ வந்துட்டேன்." இதில் மூன்றாவது பதிலை அனுப்பாமல் விட்டால், சர்வர் கொஞ்ச நேரம் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக் காத்திருக்கும். இப்படி ஆயிரக்கணக்கில் செய்தால் காத்திருப்போர் பட்டியல் நிரம்பி, உண்மையான ஆளுக்கு இடம் இருக்காது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனமான பானிக்ஸை நாள்கணக்கில் முடக்கியது இந்த முறைதான். இதற்கு மருந்தும் அதே ஆண்டில் வந்துவிட்டது. சின் குக்கீ என்ற அந்த முறையில், மூன்றாவது பதில் வரும்வரை சர்வர் யாருக்கும் இடம் ஒதுக்காது.

மூன்றாம் வகை, கவுன்டரில் நின்று நேரத்தைக் கடத்துவது. ஆள் உண்மையான பயணி மாதிரியே இருப்பார். ஆனால் பத்து ஊருக்கு ரூட் கேட்பார், சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுப்பார். வெப்சைட்டில் இதற்கு இணையானது, சர்வருக்கு அதிக வேலை வைக்கும் பக்கங்களையே திரும்பத் திரும்பக் கேட்பது: தேடல், லாகின், பில் பதிவிறக்கம் போன்றவை. 2009இல் வெளியான ஸ்லோலோரிஸ் என்ற கருவி இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. ஒரு கோரிக்கையைத் துண்டு துண்டாக, முடிக்காமலே அனுப்பிக்கொண்டிருக்கும். சர்வரும் "இன்னும் பேசி முடிக்கலையே" என்று காத்துக் கிடக்கும். ஒரே ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர் போதும், பாதுகாப்பில்லாத ஒரு சர்வரை முடக்க. இன்னொரு முனையில், 2023 ஆகஸ்டில் கூகுள் சமாளித்த ஒரு தாக்குதலில் நொடிக்கு 39.8 கோடி கோரிக்கைகள் வந்தன.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எதிலும் பூட்டு உடைக்கப்படவில்லை. ஆகவே பூட்டைப் பெரிதாக்குவது இதற்குத் தீர்வு ஆகாது. பாஸ்வேர்டை மாற்றுவதும், ஆன்டிவைரஸ் போடுவதும் நல்ல பழக்கங்கள்தான், ஆனால் இந்த நோய்க்கு மருந்து இல்லை. வருகிற கூட்டத்தை வாசலுக்கு வருவதற்கு முன்பே பிரித்து அனுப்ப ஓர் ஏற்பாடு வேண்டும். அதுவும் கூட்டம் வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் உங்கள் வீட்டு கேமராவும் இருக்கலாம்

இந்தக் கூட்டத்தை யார் அனுப்புகிறார்கள்? ஒருவர் அனுப்புவார், வருவது பல ஆயிரம் கருவிகள். கருவிகளின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. இப்படிக் கைப்பற்றப்பட்ட கருவிகளின் கூட்டத்துக்கு பாட்நெட் என்று பெயர்.

2016இல் வந்த மிராய் என்ற வைரஸ் இதற்கு நல்ல உதாரணம். அது செய்தது ரொம்பச் சாதாரண வேலை. இணையத்தில் இருக்கும் சிசிடிவி கேமரா, டிவிஆர், வைஃபை ரவுட்டர் ஆகியவற்றைத் தேடிப் போய், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். சுமார் 60 பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகள்தான் அதன் கையில் இருந்தன. அவ்வளவுதான், அதுவே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடிக்கப் போதுமானதாக இருந்தது. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் வகைக் கருவிகள் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கின. இணைய முகவரிகளை ஐபி எண்ணாக மாற்றித் தரும் நிறுவனம் அது. விளைவு? ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை எல்லாம் அமெரிக்காவின் பல பகுதிகளில் திறக்கவில்லை. அந்தத் தளங்களின் சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன, அவற்றுக்கு வழி சொல்லும் ஆள்தான் மயங்கி விழுந்திருந்தார்.

மிராயை எழுதியவர்கள் 20 வயதையொட்டிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் தொழிலில் போட்டியாளர்களை முடக்குவதில் ஆரம்பித்தது அவர்கள் கதை. 2017 டிசம்பரில் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

பெங்களூரில் இருந்து கிளம்பிய பொறி

இப்போது 2010க்கு வருவோம். பெங்களூரில் ஐப்ளெக்ஸ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் இருந்தது. சினிமாத் தயாரிப்பாளர்களுக்காக, திருட்டுப் படங்கள் கிடைக்கும் தளங்களைக் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்புவது அதன் வேலை. நோட்டீஸுக்கு மசியாத டொரன்ட் தளங்களை, கோரிக்கைகளால் வெள்ளமாக்கி முடக்குவதும் உண்டு என்று அதன் நிர்வாக இயக்குநர் பேட்டியில் சொன்னதாக அந்த ஆண்டு செப்டம்பரில் செய்திகள் வெளியாயின.

படம் எடுத்தவர் பக்கம் நியாயம் இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றலாம். இணையத்தில் பலருக்கு வேறு மாதிரி தோன்றியது. அனானிமஸ் என்ற பெயரில் இயங்கிய, தலைமை இல்லாத கூட்டம் ஒன்று, "நீங்கள் செய்ததையே உங்களுக்குத் திருப்பிச் செய்கிறோம்" என்று கிளம்பியது. ஆபரேஷன் பேபேக் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். குறித்த நேரத்துக்கு முன்பே யாரோ ஒருவர் ஐப்ளெக்ஸ் தளத்தை விழவைத்துவிட, திரண்டிருந்த கூட்டம் அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம், இசை நிறுவனங்களின் சங்கம் என்று அடுத்தடுத்த தளங்களை நோக்கித் திரும்பியது.

அங்கிருந்து கதை யார் கையிலும் இல்லை. அதே மாதம் பிரிட்டனில் ஏசிஎஸ் லா என்ற வழக்கறிஞர் அலுவலகத்தின் தளம் தாக்கப்பட்டது. அவசர அவசரமாக அதை மறுபடி ஏற்றியபோது, மின்னஞ்சல்கள் அடங்கிய பேக்கப் ஃபைல் ஒன்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் கிடந்தது. டவுன்லோட் செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சாதாரண மக்களின் பெயரும் முகவரியும் வெளியே போய்விட்டன. தாக்குதல் வெறும் முடக்கம்தான், தகவல் கசிவு பதற்றத்தில் நடந்த தவறு. இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2010 டிசம்பரில் விக்கிலீக்ஸ் விவகாரத்தில் பேபால், மாஸ்டர்கார்டு, விசா தளங்கள் அடி வாங்கின. அந்தத் தாக்குதலில் சேர்ந்த பலர் செய்தது, லோயிக் என்ற கருவியை டவுன்லோட் செய்து ஒரு பட்டனை அழுத்தியது மட்டும்தான். அந்தக் கருவி அவர்களுடைய ஐபி முகவரியை மறைக்கவில்லை. அமெரிக்காவில் பேபால் வழக்கில் 14 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டு, 2013 டிசம்பரில் 13 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஒரு பட்டனை அழுத்தினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தவர்கள்!

சென்னையில் நடந்தது

2012இல் '3' படத்தின் தயாரிப்பாளர் தரப்பு, திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு பெற்றது. யார் என்று பெயர் குறிப்பிடாமல், யாராக இருந்தாலும் பொருந்தும் வகையிலான உத்தரவு அது. அதைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுக்காமல், விமியோ, டெய்லிமோஷன் போன்ற முழுத் தளங்களையே அடைத்துவிட்டன. தங்கள் சொந்த வேலையை விமியோவில் ஏற்றி வைத்திருந்த டிசைனர்களுக்கும் குறும்பட இயக்குநர்களுக்கும் அது பேரிடி.

அனானிமஸ் பெயரில் பதிலடி வந்தது. 2012 மே மாதம் உச்ச நீதிமன்றம், காங்கிரஸ் கட்சி, திருட்டுத் தடுப்பு வேலையில் இருந்த சென்னை காப்பிரைட் லேப்ஸ் ஆகியவற்றின் தளங்கள் டிடாஸ் தாக்குதலில் திணறின. கொஞ்ச நேரத்தில் அந்தத் தளங்கள் திரும்பி வந்துவிட்டன. தடை மட்டும் அப்படியேதான் இருந்தது. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமே, முழுத் தளத்தை அடைக்கக் கூடாது, திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. சட்டத்தின் வழியாக வந்த அந்த ஒரு தெளிவுதான் சிக்கலை அவிழ்த்தது.

பெங்களூரிலும் சென்னையிலும் நடந்ததில் ஓர் ஒற்றுமை தெரிகிறதா? இரண்டு பக்கமும் தாக்கியவர்கள் நியாயம் தங்களிடம் இருப்பதாகவே நம்பினார்கள். அடி விழுந்தது பெரும்பாலும் சம்பந்தமில்லாதவர்கள் மேல்.

கூட்டமா, தாக்குதலா?

தளம் மெதுவாகிவிட்டால் உடனே "அட்டாக்" என்று முடிவு கட்டாதீர்கள். தேர்வு முடிவு வரும் காலையில் தளம் விழுவது பெரும்பாலும் உண்மையான கூட்டத்தால்தான். சில சமயம் இரண்டும் கலந்தே வரும். தட்கல் டிக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு தொடங்கும் முதல் 5 நிமிடங்களில் லாகின் முயற்சிகளில் 50 சதவீதம் வரை மனிதர்கள் இல்லை, தானியங்கி பாட்கள் என்று 2025 ஜூனில் ரயில்வே அமைச்சகம் சொன்னது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி கணக்குகளை முடக்கியதாகவும், பாட்களைப் பிரித்தறியும் அமைப்பையும் சிடிஎன் சேவையையும் ஐஆர்சிடிசி தளத்தில் சேர்த்ததாகவும் தெரிவித்தது. அந்த பாட்களின் நோக்கம் தளத்தை முடக்குவது இல்லை, டிக்கெட்டை அள்ளுவது. ஆனால் காலை 10 மணிக்கு ஊருக்கு டிக்கெட் போட உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க சர்வர் லாக்கைப் பாருங்கள். உண்மையான கூட்டம் பல பக்கங்களுக்குப் போகும், படங்களை இறக்கும், கொஞ்சம் நின்று படிக்கும். தாக்குதல் ஒரே முகவரியையே சுற்றும். கோலார் மாவட்டத்தை விட்டு வெளியே வாடிக்கையாளரே இல்லாத கடைக்கு திடீரென நாற்பது நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தால் சந்தேகப்படலாம். ஆனால் எது அசாதாரணம் என்று தெரிய வேண்டுமானால், சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?

2025 மே மாதம் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தடுத்த ஒரு தாக்குதலின் உச்சம் நொடிக்கு 7.3 டெராபிட். அது நீடித்தது வெறும் 45 நொடி. போனை எடுத்து, லாகின் செய்து, காரணத்தைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே தானாக இயங்கும் பாதுகாப்பு முன்பே இருக்க வேண்டும்.

தளத்தை ஒரு சிடிஎன் சேவைக்குப் பின்னால் வையுங்கள். சிறிய தளங்களுக்கு இதுதான் முதல் வேலை. உலகெங்கும் பல நகரங்களில் சர்வர் வைத்திருக்கும் இந்தச் சேவைகள், வருகிற டிராஃபிக்கை அங்கங்கேயே வாங்கி, நல்லதை மட்டும் உங்களுக்கு அனுப்பும். கிட்ஹப் தப்பித்ததும் இப்படித்தான். டிராஃபிக்கை அகமாயின் வடிகட்டும் வலையமைப்புக்குத் திருப்பிவிட்டு, சுமார் 10 நிமிடங்களுக்குள் மீண்டது. சில சேவைகள் அடிப்படை டிடாஸ் பாதுகாப்பை இலவசமாகவே தருகின்றன. கிளவுட்ஃபிளேர் 2017 முதல் இலவசத் திட்டத்திலும் அளவு வரம்பில்லாமல் தருகிறது.

உண்மையான ஐபி முகவரியை மறையுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். முன்வாசலில் காவலாளியைப் போட்டுவிட்டு, பின்வாசல் முகவரியை ஊருக்கே தெரிய விட்டிருப்பார்கள். சிடிஎன்னுக்கு மாறியதும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் புதிய ஐபி கேட்டு வாங்குங்கள், பழையது டிஎன்எஸ் வரலாற்றுப் பதிவுகளில் இருக்கும். மெயில் சர்வரும் அதே ஐபியில் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக, சிடிஎன்னிடமிருந்து வரும் டிராஃபிக்கை மட்டும் ஏற்கும்படி சர்வரின் ஃபயர்வாலை அமையுங்கள்.

சர்வரின் வேலையைக் குறையுங்கள். நகைக்கடையின் முகப்புப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைக் கேட்டுத் தயாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. கேஷ் செய்து வையுங்கள். முழுமையாகப் பேசி முடிக்காத இணைப்புகளைச் சில நொடிகளில் துண்டிக்க டைம்-அவுட் வையுங்கள், ஸ்லோலோரிஸ் வகைக்கு அது தடை.

அதிக வேலை வாங்கும் பக்கங்களுக்கு வரம்பு போடுங்கள். ஒரே ஐபியிலிருந்து ஒரு நிமிடத்துக்கு இத்தனை முறைதான் என்று லாகின், தேடல் பக்கங்களுக்கு அளவு வையுங்கள். ஓடிபி அனுப்பும் பக்கம் இருந்தால் கட்டாயம். ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் காசு போகிறது, தளம் விழாமலே உங்கள் பாக்கெட் காலியாகிவிடும். ஆனால் ஒன்று, மொபைல் நிறுவனங்கள் பலருக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. வரம்பை ரொம்ப இறுக்கினால் உண்மையான வாடிக்கையாளரையே துரத்திவிடுவீர்கள்.

வேர்ட்பிரஸ் தளமா? பழைய எக்ஸ்எம்எல்-ஆர்பிசி வசதியைப் பயன்படுத்தவில்லை என்றால் மூடிவிடுங்கள். 2014இல் ஒரே ஒரு தளத்தைத் தாக்க 1,62,000 வேர்ட்பிரஸ் தளங்கள் அவற்றின் உரிமையாளர்களுக்கே தெரியாமல் பயன்படுத்தப்பட்டன, இந்த வழியாகத்தான்.

கிளவுட் பில்லுக்கு உச்சவரம்பு எச்சரிக்கை வையுங்கள். கூட்டம் கூடினால் தானாகவே சர்வர்களைக் கூட்டும் வசதி நல்லதுதான். தாக்குதல் நேரத்தில் அதுவே வினையாகும். தளம் விழாது, மாதக் கடைசியில் வரும் பில்லைப் பார்த்து நீங்கள் விழுவீர்கள்.

ஹோஸ்டிங் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஒரு வாடிக்கையாளர் மேல் தாக்குதல் வந்தால், மற்றவர்களைக் காப்பாற்ற அவருடைய ஐபிக்கு வரும் எல்லா டிராஃபிக்கையும் கொட்டிவிடுவது பல நிறுவனங்களின் வழக்கம். அதாவது தாக்கியவர் நினைத்ததை ஹோஸ்டிங் நிறுவனமே முடித்துக்கொடுத்துவிடும். எவ்வளவு அளவு வரை தாங்குவார்கள், இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போது

முதலில் லாக்கைச் சேமியுங்கள், எதையும் அழிக்காதீர்கள். சிடிஎன் கணக்கில் இருக்கும் அவசரநிலை அமைப்பை இயக்குங்கள், அது ஒவ்வொருவரும் மனிதர்தானா என்று சோதித்து அனுப்பும். வாடிக்கையாளரே இல்லாத நாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ "தளம் தற்காலிகமாக இயங்கவில்லை, ஆர்டருக்கு இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு தகவல் போடுங்கள். கடைக்காரருக்கு அந்த நிமிடத்தில் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

பணம் கொடுத்தால் நிறுத்துகிறோம் என்று மெயில் வந்தால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவர் மறுமுறையும் கொடுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். மெயிலை மட்டும் ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தளத்தைத் திரும்ப ஏற்றும்போது ஏசிஎஸ் லா கதையை நினைவில் கொள்ளுங்கள். பேக்கப் ஃபைல் பொதுவெளியில் கிடக்கிறதா, பழைய செட்டிங்ஸ் திரும்பிவிட்டதா என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இன்னொன்று, டிடாஸ் சில சமயம் கவனத்தைத் திருப்பும் பட்டாசுச் சத்தமாகவும் இருக்கும். எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொல்லைப்புறமாக யாராவது நுழைந்தார்களா என்று லாகின் பதிவுகளையும் சரிபாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆவது பிரிவு, உரிமை உள்ளவருக்கு ஒரு கம்ப்யூட்டரை அணுக முடியாமல் செய்வதையும், அதற்கு உதவுவதையும் தவறு என்கிறது. நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால் 66ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாட்டின் பாதுகாப்பைக் குறிவைத்து மக்களுக்கு உயிர்ச்சேதமோ அத்தியாவசியச் சேவை பாதிப்போ வரும்படி செய்தால், அது 66எஃப் பிரிவின் கீழ் சைபர் பயங்கரவாதம். ஆயுள் தண்டனை வரை போகலாம்.

"எதிரிக் கடைக்காரன் சைட்டை ஒரு மணி நேரம் இறக்கிக் காட்டு" என்று யாராவது காசு நீட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் 15 யூரோவுக்கு டிடாஸ் தாக்குதலை வாடகைக்கு விட்ட வெப்ஸ்ட்ரெஸ்ஸர் என்ற தளத்தை 2018 ஏப்ரலில் ஐரோப்பியக் காவல்துறைகள் சேர்ந்து மூடின. அதில் 1,36,000க்கும் மேற்பட்ட பயனர்கள் பதிவு செய்திருந்தார்கள், சுமார் 40 லட்சம் தாக்குதல்கள் நடந்திருந்தன. நடத்தியவர்களோடு கதை முடியவில்லை. பயனர் பட்டியலும் காவல்துறை கைக்குப் போக, வாடகைக்கு வாங்கியவர்கள் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது.

பாதிக்கப்பட்டவருக்கும் ஒரு கடமை உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் டிடாஸ் உள்ளிட்ட சைபர் சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் அலுவலகத்தில் இந்த 6 மணி நேரக் கடிகாரத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். மிரட்டிப் பணம் கேட்டால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியவை

ஊருக்கு வந்திருக்கும் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்கள் செய்துகொடுத்த தளங்கள் சிடிஎன்னுக்குப் பின்னால் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐபி வெளியே தெரிகிறதா என்று சோதியுங்கள். ஒரு சாதாரண நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று குறித்து வையுங்கள். ஹோஸ்டிங் நிறுவனத்தின் எண்ணைக் கடைக்காரரின் போனிலும் சேமித்துக் கொடுங்கள்.

அப்படியே அந்தக் கடையின் சிசிடிவி பெட்டியையும், உங்கள் வீட்டு ரவுட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். பாஸ்வேர்டு இன்னும் கம்பெனி கொடுத்ததுதானா? மாற்றிவிடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட் புகுந்திருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால், செர்ட்-இன் 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் அதைச் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.